உங்களுக்குத் தெரியுமா? கவலை கூடினால் காயம் ஆறத் தாமதமாகும்!

● மறதிநோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் கையிலும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களின் கையிலும் 3.5 மி.மீ. அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மற்றவர்களைவிடப் பராமரிப்பாளர்களுக்குக் காயம் ஆறச் சுமார் 9 நாள் கூடுதலானது. முடிவு 1995இல் வெளியானது.

● அடுத்த சோதனை பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரிடம். கோடை விடுமுறையில் மேல் அண்ணத்தில் ஒரு காயம். தேர்வுக்கு 3 நாள் முன்பு இன்னொன்று. தேர்வு நேரக் காயம் ஆற சராசரியாக 40 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் அது ஒருவருக்குக்கூட ஆறவில்லை!

● காரணம் என்ன? மன அழுத்தத்தில் கார்ட்டிசால் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. காயம்பட்ட இடத்துக்கு நோய் எதிர்ப்பு செல்களை வரவழைக்கும் ரசாயனங்களை அது மட்டுப்படுத்துகிறது.

● அதற்காக எல்லாப் பழியையும் மனதின்மேல் போட்டுவிட முடியாது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே பெரும்பாலும் காரணம் என்று காட்டிய பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

● ஆகவே, புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால் ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று இருந்துவிடாதீர்கள். சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள், மருத்துவரைப் பாருங்கள். கூடவே நன்றாகத் தூங்குங்கள்.