ஆபத்து மேல் பத்து மீட்டரில்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்குகுளிப்பு தொடர்கிறது. ஆனால் மூச்சடக்கி மூழ்குவதற்குப் பதில், படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாயில் வரும் காற்றைச் சுவாசித்தபடி சங்கெடுப்பவர்களும் உண்டு. அந்தக் குழாய் ஆபத்தின் கணக்கையே மாற்றிவிட்டது.

கடல்மட்டத்தில் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் காற்று சுமார் 1 கிலோ எடையுடன் அழுத்துகிறது. 10 மீட்டர் மூழ்கினால், மேலே நிற்கும் நீரின் எடையும் சேர்ந்து 2 கிலோ, 20 மீட்டரில் 3, 30-இல் 4. நீர் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பது பொருட்டே அல்ல. அதே ஆழமுள்ள குறுகிய கிணற்றின் அடியிலும் ஏறக்குறைய இதே அழுத்தம்தான்.

தசையும் ரத்தமும் பெரும்பாலும் நீர் என்பதால் நசுங்குவதில்லை. தொல்லை, காற்று இருக்கும் இடங்களில்தான். இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலிக்கும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதினால் நடுக்காதில் காற்றுப் புகுந்து அழுத்தம் சமமாகும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியலாம்.

அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கனஅளவு பாதியாகும். பாயில் என்ற விஞ்ஞானி 1662-இல் சொன்ன விதி இது. முதல் 10 மீட்டரில் காற்று பாதியாகச் சுருங்குகிறது. 30-லிருந்து 40 மீட்டருக்குப் போகும்போதோ, கால் பங்கு ஐந்தில் ஒரு பங்காவதோடு சரி. பெரிய மாற்றம் மேலடுக்கில்தான் நடக்கிறது.

மூச்சடக்கி மூழ்கியவர் மேலிருந்து கொண்டுபோன காற்றோடு திரும்புகிறார். அது பழைய அளவுக்குத்தான் விரியும். குழாயில் சுவாசித்தவர் 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கியபடி ஏறினால், அது இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து, குமிழிகள் ரத்தம் வழியே மூளைக்குப் போகலாம். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து ஏறும்போதுகூட இது நேரக்கூடும். எனவே, ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது.

இன்னொன்று நைட்ரஜன். அழுத்தத்தில் உடலில் கரைந்த இவ்வாயு, வேகமாக மேலேறினால் குமிழிகளாகப் பிரியும். இதைத் தவிர்க்க, நின்று நின்று ஏறும் முறையை ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1908-இல் வகுத்தளித்தார். கரையேறிய பின் மூட்டு வலித்தாலோ, கால் மரத்தாலோ அலுப்பென்று படுத்துவிடக் கூடாது. உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.