வீட்டில் ஒரு சிறு முருகைக்கல் தொட்டி

பண்படுத்தாத வயலில் நாற்றை நடும் கமக்காரர் எவரும் இலர். உழுது, சேறடித்து, மட்டப்படுத்தி, களைகள் மக்கும் வரை பொறுத்திருந்த பின்னரே நடுகை தொடங்கும். கண்ணாடித் தொட்டியிற் கடல் நீரை நிரப்பி, முருகைகளையும் சிறு மீன்களையும் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இவ்விதியையே. முதல் நாளன்றே மீனை விட்டு, சில நாட்களில் இறந்த மீனை எடுத்தெறிவோர் பலர். தொட்டியும் ஒரு வயலேயாகும். அது பண்படுமுன் அதில் உயிர்களைக் குடியேற்றல் ஆகாது.

தொட்டியும் அதன் இடமும்

75 சதமமீற்றர் நீளமும், 40 சதமமீற்றர் அகலமும், 40 சதமமீற்றர் உயரமும் உள்ள தொட்டி தொடக்கத்திற்குப் போதியது. கல்லும் மணலும் இட்ட பின்னர் இதிற் சுமார் 100 லீற்றர் நீர் கொள்ளும். இதனிலும் சிறிய தொட்டியில் நீரின் வெப்பமும் உப்பும் விரைவில் மாறுமாதலால், பழக்கமற்றவர் அதனை விலக்குதல் நன்று. நிரம்பிய தொட்டி 130 கிலோகிராமுக்கு மேல் நிறையுடையதாகையால், உறுதியான மேசையில் மட்டமாக வைத்தல் வேண்டும். நேர் வெயிலும் அடுப்புப் புகையும் படாத இடமே ஏற்றது. மின் இணைப்பு யாவும் மின்கசிவைத் துண்டிக்கும் ஆளியின் (ட்ரிப் சுவிச்) வழியாகவே வருதல் வேண்டும். உப்பு நீர் மின்னை நன்கு கடத்தும் என்பதை மறத்தலாகாது.

கல்லைக் கடலிலிருந்து எடுத்தலாகாது

தொட்டியில் அடுக்கும் கல்லைக் கடலிலிருந்தோ கரையிலிருந்தோ கொண்டுவருதல் கூடாது. முருகைக்கல் அகழ்தலைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்தது. சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைப் பார்கள் அகழப்பட்ட இடங்களிற் கடலரிப்பு மிகுந்ததே இத்தடைக்குக் காரணம். மட்பாண்டம் போற் சுட்டுச் செய்த நுண்துளைக் கற்கள் 10 கிலோகிராம் அளவில் இருந்தாற் போதும். ஆற்று மணலைத் தவிர்த்து, தொட்டிகளுக்கென விற்கப்படும் சுண்ணாம்பு மணலை 3 சதமமீற்றர் தடிப்பிற்கு இடுக.

நீரும் உப்பும்

கடல் நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே 100 லீற்றருக்கு மூன்றரைக் கிலோகிராமுக்குக் குறையாத உப்பு வேண்டும். கறியுப்பு இதற்கு உதவாது. முருகைகள் தம் கூட்டைக் கட்டுவதற்குத் தேவையான கல்சியமும் மகனீசியமும் அதிற் போதியளவு இல்லை. கடல் நீர்த் தொட்டிகளுக்கென ஆக்கப்பட்ட உப்பையே வாங்குதல் வேண்டும்.

உப்பைக் கரைக்கும் நீர் தூயதாயிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. தோட்டங்களுக்கு இடும் பசளையிற் பயிர் உறிஞ்சாது எஞ்சிய பங்கும், மலசலகூடக் குழிகளின் கசிவும் அங்கு சென்று சேர்கின்றன. இத்தகைய நீர் தொட்டியிற் பாசியைப் பெருக்கும். எனவே நுண்சவ்வு வடிகட்டியிற் சுத்திகரித்த நீரே சிறந்தது.

தொட்டி பண்படுதல்

வயலிலிட்ட யூரியா அமோனியாவாகி, பின்னர் மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாறுவதைக் கமக்காரர் அறிவர். தொட்டியில் நிகழ்வதும் இதுவே. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாகின்றன. அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சு. கல்லிலும் மணலிலும் பற்றீரியாக்கள் பெருகிய பின்னரே இந்நஞ்சு நீங்கும். கல்லின் உள்ளே ஒட்சிசன் குறைந்த இடங்களில், வெள்ளம் நிற்கும் வயற் சேற்றிற் போலவே, நைத்திரேற்று வாயுவாகி வெளியேறும்.

இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். இக்காலத்தில் உயிர் எதனையும் விடாது, நாளுக்கொரு சிட்டிகை மீனுணவை மட்டும் இட்டு, நீரைச் சுழற்றும் பம்பியை இடைவிடாது இயக்குக. யூரியாவை இடுதல் கூடாது. சோதனைக் குப்பிகளால் வாரமிருமுறை நீரைச் சோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் முற்றாக நீங்கிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லுக.

வெப்பமும் ஒளியும்

நீரின் வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. முருகையின் உடலினுள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள், மிகுந்த வெப்பத்தில் அதனை விட்டு நீங்குவதால் முருகை வெளிறும். 1998ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் வழமைக்கு மேலாக வெப்பமுற்றபோது, இக்கடுவையின் முருகைகளிற் பெரும்பகுதி இவ்வாறே வெளிறி மடிந்தது. நீர் மட்டத்தின் மீது சிறு மின்விசிறியை வீசச் செய்தால் வெப்பம் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தூய நன்னீரையே ஊற்றுக, உப்பு ஆவியாவதில்லை. விளக்கொளி நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். மின் தடைப்படும் வேளைக்கு மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பியொன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

குடியேற்றம்

முதலிற் பாசி மேயும் நத்தைகள் சிலவற்றை விடுக. இரு வாரங்களின் பின் எளிதில் வளரும் மென்முருகையையும், மேலும் சில வாரங்கள் சென்றபின் ஒரு சோடிக் கோமாளி மீனையும் விடலாம். இவ்வளவு நீரில் இரண்டு மூன்று சிறு மீன்களுக்கு மேல் கூடாது. பண்ணையில் இனப்பெருக்கப்பட்டவற்றையே, அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பார்த்து வாங்குக. முருகையினங்கள் சிலவற்றிற் கொடிய நஞ்சு உண்டாகையால், கையுறையின்றித் தொடுதலும், அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரிலிட்டுக் கழுவுதலும் ஆபத்தாகும்.

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

பயிரைக் காக்கும் மருந்து இத்தொட்டிக்கு நஞ்சாகும். போடோக் கலவை போன்ற பங்கசுநாசினிகளிலுள்ள செம்பு மிகச் சிறிதளவிலேயே நத்தையையும் முருகையையும் கொல்லும். பூச்சிநாசினியும் அத்தகையதே. மருந்து தெளித்த நாளில் தொட்டியிற் கையிடாதிருத்தல் வேண்டும். செப்பு, பித்தளைப் பாத்திரங்களில் நீர் மொள்ளுதலும் மருந்து வாளிகளைப் பயன்படுத்தலும் கூடா.

தொட்டி நீர் தோட்டத்திற்கும் நஞ்சாகும். வாரந்தோறும் 10 லீற்றர் நீரை மாற்றினால், வெளியேறும் உப்பு 350 கிராம். ஆண்டிற்கு 18 கிலோகிராம். இதனைக் கத்தரிப் பாத்தியிலோ கிணற்றருகிலோ ஊற்றுவோர் தம் மண்ணைத் தாமே உவராக்குவர். வயல் வாய்க்காலிலும் கடலிலும் ஊற்றுதல் கூடாது. பிற கடல்களிலிருந்து வந்த உயிர்கள் அதன் வழியே பரவக்கூடும். அகன்ற தட்டில் ஊற்றி, உப்பளத்திற் போல வெயிலில் வற்றவிட்டு, எஞ்சிய உப்பைக் கூட்டியெடுத்துக் குப்பையுடன் அகற்றுக. அவ்வுப்பை உணவிற் சேர்த்தலாகாது.

வயலிற் போலவே தொட்டியிலும் அவசரத்தால் வரும் நட்டமே பெரிது. ஆறு வாரம் வெறும் நீரைப் பார்த்திருக்கப் பொறுமையுள்ளவரே இதனைத் தொடங்குக.