பில்லியின் வல்லூறும் நம் பிள்ளைகளின் கூலியும்

தோழர்களே,

நினைவுப் பொழிவு என்று பெயர் வைத்துக் கூடியிருக்கிறோம். அந்த நினைவு என்ற சொல்லையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன். நினைவுக்குப் பக்கத்திலேயே, அதன் சாயலிலேயே, இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் ஏக்கம். "அந்தக் காலம் மாதிரி வருமா" என்கிற பெருமூச்சு. நினைவும் ஏக்கமும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரு திரைப்படத்தை வைத்து விளக்கப் பார்க்கிறேன். படம் இங்கிலாந்துப் படம். கதை நம் தெருவுக்கு அவ்வளவு தூரமில்லை.

படத்தின் பெயர் 'கெஸ்'. 1969இல் வந்தது. இயக்கியவர் கென் லோச். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த பாரி ஹைன்ஸின் நாவலை வைத்து எடுத்தது. ஹைன்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பார்ன்ஸ்லி என்ற சுரங்க நகரத்துப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். படம் பிடித்ததும் அந்த ஊரில்தான். பில்லி காஸ்பர் என்ற சிறுவனாக நடித்த டேவிட் பிராட்லி உள்ளூர்ப் பையன்.

கதை எளிது. பில்லிக்கு அப்பா வீட்டில் இல்லை. அண்ணன் ஜட் சுரங்கத்தில் வேலை செய்கிறான். பள்ளி முடிந்தால் பில்லியும் அங்கேதான் போக வேண்டும் என்பது ஊர் எழுதி வைத்த விதி. அவனுக்கு அது பிடிக்கவில்லை. கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறின் குஞ்சு ஒன்றை எடுத்துவந்து பழக்குகிறான். எப்படிப் பழக்குவது என்று படிக்க நூலகத்துக்குப் போகிறான். பெரியவர்கள் கையெழுத்து இல்லாமல் புத்தகம் தர மாட்டோம் என்கிறார்கள். கடையிலிருந்து புத்தகத்தைத் திருடிவந்து படிக்கிறான். 'மக்குப் பையன்' என்று பள்ளி ஒதுக்கிய அவன், ஒருநாள் வகுப்பில் எழுந்து பறவையைப் பழக்கும் முறையைச் சொல்லும்போது வகுப்பே வாயடைத்துப் போகிறது.

ஜட் பந்தயம் கட்டச் சொல்லிக் கொடுத்த காசைப் பில்லி தின்பண்டம் வாங்கிச் செலவழித்துவிடுகிறான். அன்றைக்கென்று ஜட் சொன்ன குதிரைகள் ஜெயித்துவிடுகின்றன. அந்தப் பணம் கைக்கு வந்திருந்தால் சில நாள் சுரங்கத்துக்குள் இறங்காமல் இருந்திருக்கலாம். அந்த ஆத்திரத்தில் தம்பியின் பறவையைக் கொன்று குப்பைத் தொட்டியில் போடுகிறான். பில்லி அதை எடுத்துப் புதைக்கிறான். படம் முடிகிறது.

இந்தப் படத்தை இங்கிலாந்தில் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள்? 1999இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் எடுத்த நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் அதற்கு ஏழாவது இடம். பார்ன்ஸ்லியில் கையில் பறவையோடு நிற்கும் பில்லிக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதிகம் பேர் சிரித்துச் சிரித்துப் பேசுவது கால்பந்துக் காட்சியைப் பற்றி. விளையாட்டு ஆசிரியர் தன்னைப் பெரிய ஆட்டக்காரராக நினைத்துக்கொண்டு, தானே நடுவராகவும் இருந்து, சிறுவர்களைத் தள்ளிவிட்டு கோல் போடுவார். ஆட்டம் தோற்றதும் அந்தக் கோபத்தில் பில்லியைக் குளிர்ந்த தண்ணீரின் கீழ் நிறுத்திவைப்பார். "எங்கள் பள்ளியிலும் ஒரு வாத்தியார் இப்படித்தான்" என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். தண்ணீருக்குக் கீழே நிற்கிற பிள்ளை சிரிக்கவில்லை.

ஏக்கம் அடியை மறந்து சிரிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். நினைவு அடிபட்டவன் பக்கத்தில் போய் நிற்கும்.

இதை நமக்கு முன்பே சொல்லிக்கொடுத்தவர் பாமா. 1992இல் வந்த 'கருக்கு' நூலில் ஒரு காட்சி உண்டு. தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அப்படித் தூக்கிப்போனார் என்று விளக்குகிறான். அந்த நிமிஷத்தோடு அவள் சிரிப்பு நின்றுபோகிறது. அவள் தெருவில் சிரித்தபோதும் காட்சி அதுதான், வீட்டில் அழுகை முட்டியபோதும் காட்சி அதுதான். இடையில் வந்தது அறிவு. தலித் தன்வரலாறு என்ற எழுத்துமுறையே அந்த அறிவுக்குப் பிறகு தொடங்குகிறது.

அதனால்தான் நம் பிள்ளைகளைப் பற்றிய நல்ல படங்கள் பெருமூச்சு விட இடம் கொடுப்பதில்லை. நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி' என்ற மராத்திப் படம் 2013இல் வந்தது. கைக்காடி சாதிப் பையன் ஜப்யா. அவனும் பில்லியைப் போல ஒரு பறவைக்குப் பின்னால் அலைகிறான். அது கருங்குருவி. அதைப் பிடித்து எரித்துச் சாம்பலைத் தூவினால் விரும்பும் பெண் மனம் இரங்குவாள் என்ற நம்பிக்கை. குருவி கைக்குச் சிக்குவதில்லை. ஊருக்காகப் பன்றி பிடிக்கும் வேலைதான் சிக்குகிறது. குடும்பமே சேறும் சகதியுமாக ஓட, ஊர் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. பிடித்த பன்றியைத் தூக்கிப்போகும் வழியில் பள்ளிச் சுவரில் அம்பேத்கர் படம். கடைசியில் ஜப்யா எறியும் கல் நேரே நம்மை நோக்கி வருகிறது.

இரண்டு படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். பில்லியை வர்க்கம் அடைத்து வைத்தது. ஜப்யாவைச் சாதி அடைத்தும் வைத்தது, அடைபட்டவனைச் சுற்றி நின்று சிரிக்கவும் செய்தது.

தமிழில் மாரி செல்வராஜின் 'வாழை' 2024இல் வந்தது. இயக்குநர் தன் இளமைக்காலத்திலிருந்து எடுத்த கதை. பள்ளி விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிவனணைந்தானுக்குக் கழுத்து வலி தெரியும், தாருக்கு எவ்வளவு கூலி என்பதும் தெரியும். அந்தக் கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதே அங்கே ஒரு போராட்டம். அவனுக்குப் பிடித்த டீச்சர் உண்டு, கூட்டாளியோடு ரஜினியா கமலா என்ற சண்டை உண்டு. அதெல்லாம் பார்க்க இனிக்கத்தான் செய்கிறது. இனிக்க விட்டுவிட்டு, தார் ஏற்றிய லாரியின் மேலேயே கூலியாட்களையும் ஏற்றியனுப்பியவர்களின் கணக்கைப் படம் நம் முன்னால் வைக்கிறது. அந்த லாரி கவிழ்கிறது. அக்கா வீடு திரும்பவில்லை.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். மாகறல் என்றால் செய்யாற்றங்கரையில் சம்பந்தர் பாடிய தலம் என்பார்கள். காஞ்சி என்றால் பட்டு என்பார்கள். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே பின்னிச் சேர்ப்பது. அதற்கு நெசவாளர் ஒருவர் கை போதாது. கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். பல தலைமுறையாக அந்த ஆள் ஒரு பிள்ளையாக இருந்தது. வீட்டுப் பிள்ளையும் உண்டு. முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்த ஏழை வீட்டுப் பிள்ளையும் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது அதில் காஞ்சிபுரமும் இருந்தது.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில், மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை நெய்ய நெசவாளி வாயில் ஒளித்து இழை இழையாகத் திருடுகிறான். அரையும் குறையுமாக நின்ற அந்தப் பட்டு, கடைசியில் மகளின் உடலை மூடக்கூடப் போதவில்லை. பாரம்பரியம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற புடவையின் மறுபக்கம் இது.

ஏக்கத்தில் நியாயமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் பார்ன்ஸ்லியைச் சுற்றியிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எந்தக் குழிக்குள் இறங்க மாட்டேன் என்று பில்லி பயந்தானோ, அந்தக் குழிக்காகவே ஊர் அழுதது. சுரங்கத்தோடு சங்கம் போனது, சம்பளம் போனது. நம் பக்கம் விசைத்தறி வந்து கைத்தறி குறைந்தபோது வந்த துக்கமும் இந்த வகைதான். ஒரு கைத்திறன் அழிவதற்கு அழலாம். பிள்ளையை அந்தத் தறியடியில் உட்கார வைத்த காலத்துக்காக அழக்கூடாது.

இந்தப் பேச்சு பழங்கதை இல்லை. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று எதிர்த்தோம். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. குடும்பத் தொழில் என்ற சொல் கேட்க இதமாக இருக்கிறது. நம் நாட்டில் குடும்பத்துக்கு எந்தத் தொழில் என்று தீர்மானித்தது யார்? சாதி. பழைய கதவுக்குப் புதுச் சாயம் பூசும் வேலையை ஏக்கம் இப்படித்தான் செய்கிறது.

ஆகவே தோழர்களே, பிள்ளைப்பருவத்தைப் பற்றிய எந்தப் படத்தைப் பார்த்தாலும், எந்தக் கதையைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு என்ன வேலை செய்தது? அதற்குக் கூலி யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார்? அதன் கைக்குப் புத்தகம் கிடைத்ததா? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிற படைப்பு எத்தனை ஆண்டு ஆனாலும் பழசாகாது. 'கெஸ்' இன்னும் நிற்பது அதனால்தான். நம் தெருக்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.