தோத்துட்டேன், போதுமா?

பஸ் பாஸ் வாங்கிய காலத்திலிருந்தே நமக்கு 'கன்செஷன்' தெரியும். ஸ்டூடண்ட் கன்செஷன், அப்புறம் வேலைக்குப் போனால் எல்.டி.சி., அதாவது லீவ் டிராவல் கன்செஷன். (பிரைவேட் கம்பெனி நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.) கொடுக்க வேண்டிய காசில் கொஞ்சம் குறைந்தால் கன்செஷன். நம் அகராதி அவ்வளவுதான்.

இந்தக் கன்செஷனுக்குக் 'கன்சீட்' என்று ஒரு வினைச்சொல் தகப்பன் இருப்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. முதலில் பார்த்தது இங்கிலீஷ் பேப்பரின் கிரிக்கெட் பக்கத்தில். யாரோ ஒரு பௌலர் பத்து ஓவரில் 70 ரன் 'கன்சீட்' செய்ததாகப் போட்டிருந்தார்கள். இவர் எதற்கு, யாருக்கு டிஸ்கவுண்ட் கொடுத்தார் என்று குழம்பினேன். யோசித்துப் பார்த்தால் சரிதான், பேட்ஸ்மேனுக்குத்தான்! அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஆடித் தள்ளுபடி 2006 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் மிக் லூயிஸ், தென்னாப்பிரிக்காவுக்கு 10 ஓவரில் 113 ரன் வழங்கினார். பாவம், அதன் பிறகு அவருக்கு ஒருநாள் மேட்சே கிடைக்கவில்லை.

தமிழில் எழுதினால் இன்னொரு வம்பு. தோல்வியை ஒப்புக்கொள்வதும் 'கன்சீட்', தலைக்கனத்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயரும் 'கன்சீட்'. கடைசி எழுத்தை நாக்கு மெத்தென்று தொட்டால் பணிவு, அழுத்தித் தொட்டால் திமிர். நம் எழுத்தில் இரண்டுக்கும் அதே 'ட்'தான். இந்த இரண்டும் குழம்பிப் போன சொந்தக் கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், அதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

வார்த்தையின் பூர்வீகம் லத்தீன். 'போ', 'விலகு', 'இடம் கொடு' என்கிற அர்த்தமுள்ள வேரிலிருந்து வந்தது. ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே நாலு பேர் இருக்க, ஐந்தாவது ஆள் தலையை நீட்டியதும் லேசாக நகர்கிறோமே, அதுதான். வேடிக்கை என்னவென்றால், ஜெயிப்பதைச் சொல்லும் 'சக்ஸீட்' பிறந்ததும் அதே வேரில். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி. ஒருத்தன் ஜெயிக்கிறான், ஒருத்தன் ஒப்புக்கொள்கிறான்.

'அட்மிட்' என்றாலும் ஒப்புக்கொள்வதுதானே, எதற்கு இன்னொரு வார்த்தை? வித்தியாசம் உண்டு சார். பிக்பாக்கெட் அடித்தவன் ஸ்டேஷனில் செய்வது அட்மிட். கன்சீட் செய்ய, அதற்கு முன்னால் ஒரு போட்டியோ வாக்குவாதமோ நடந்திருக்க வேண்டும். எதிரே ஓர் ஆள் வேண்டும். நாம் மல்லுக்கட்டி, விடாமல் பேசி, இனிமேல் முடியாது என்கிற இடத்தில் மனசில்லாமல் வாய் திறக்க வேண்டும். அந்த மனசில்லாமைதான் இந்த வார்த்தையின் உயிர். வக்கீல்கள் கில்லாடிகள். வாதத்துக்காக ஒன்றை வைத்துக்கொண்டு பேசும்போதுகூட 'கன்சீட் செய்யாமல்' என்று ஒரு வால் ஒட்டிவிடுவார்கள். நம் பாஷையில், 'ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டாலும்...'

வீட்டில் நாம் சொல்கிற 'சரி, நீ சொல்றதே கரெக்ட், போதுமா?' இந்தக் கணக்கில் வராது. அந்தப் 'போதுமா'வில் அடுத்த ரவுண்டுக்கு மணி அடித்துவிடுகிறது. கல்யாணமானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்த வார்த்தைக்கு ராஜமரியாதை கிடைப்பது அமெரிக்கத் தேர்தலில். தோற்றவர் ஜெயித்தவரைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லி, பிறகு மேடை ஏறித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. வெறும் பழக்கம். 1896-ல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், தன்னை ஜெயித்த மெக்கின்லிக்குத் தந்தி அடித்ததிலிருந்து வருகிற வழக்கம் என்கிறார்கள்.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அல் கோர். 2000 நவம்பர், தேர்தல் முடிந்த ராத்திரி. ஃப்ளோரிடா மாநிலம் புஷ்ஷுக்குத்தான் என்று டி.வி.க்கள் அறிவிக்க, கோர் புஷ்ஷுக்கு போன் போட்டு ஒப்புக்கொண்டார். நாஷ்வில் நகரில் ஆதரவாளர்கள் நடுராத்திரி தாண்டியும் காத்திருக்க, அவர்களிடம் பேசக் கிளம்பியும் விட்டார். வழியில் செய்தி வந்தது, வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது! மறுபடி புஷ்ஷுக்கு போன். முன்னே சொன்னது வாபஸ். புஷ் எரிச்சலாகத்தான் பேசினார். நம் தெருவில் கிரிக்கெட்டில் அவுட் ஆகி பேட்டைக் கொடுத்துவிட்டு, 'இல்லடா, அது நோ பால்' என்று திரும்பி வந்தால் என்ன வரவேற்போ, அதே வரவேற்பு. அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல் கோர்ட், மறு எண்ணிக்கை. கடைசியில் ஃப்ளோரிடாவில் புஷ் முந்தியது 537 ஓட்டு. டிசம்பர் 12-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 13-ல் கோர் இரண்டாவது முறையாக ஒப்புக்கொண்டார். இந்தத் தடவை திரும்பக் கூப்பிட மாட்டேன் என்று புஷ்ஷிடம் வாக்குக் கொடுத்ததாக அந்தப் பேச்சிலேயே ஜோக் அடித்தார். தோற்ற அன்றைக்கு ஜோக் வருவது லேசில்லை.

ஒப்புக்கொள்ளாவிட்டால்? ஒன்றும் ஆகாது. 2020-ல் டிரம்ப் ஒப்புக்கொள்ளவே இல்லை, ரகளையெல்லாம் நடந்தது, ஆனாலும் 2021 ஜனவரி 20-ல் பைடன் பதவியேற்றார். 2018-ல் ஜார்ஜியா மாநில கவர்னர் தேர்தலில் ஸ்டேசி ஆப்ரம்ஸ் வேறு மாதிரி. எதிராளிதான் கவர்னர் ஆகப்போகிறார் என்பதை ஏற்றார், ஆனால் 'கன்சீட்' என்கிற வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். அந்த வார்த்தையைச் சொன்னால் நடந்தது சரி, முறையானது என்று ஏற்றதாகிவிடும் என்பது அவர் வாதம். அவர் சொன்னது நியாயமா இல்லையா என்று அங்கே இன்னும் சண்டை. எனக்கு ஆச்சரியம் வேறு. நாற்காலியை விட்டுக்கொடுத்தவர், ஒரு வினைச்சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்!

அவசரப்பட்டு ஒப்புக்கொள்வதிலும் ஆபத்து. 1997 மே மாதம் நியூயார்க்கில் 'டீப் புளூ' கம்ப்யூட்டரோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் போதும் என்று எழுந்துவிட்டார். (செஸ்ஸில் இதற்குப் பெயர் 'ரிசைன்'. ஆபீஸில் சொல்லிப் பார்த்துவிடாதீர்கள்.) டிராவுக்கு வழி இருந்ததே என்று கூட இருந்தவர்கள் அவரிடம் சொன்னது மறுநாள். மனுஷன் நொந்துபோனார்.

இந்த வார்த்தைக்கு ஜெயிக்கிறவனும் சொல்லக்கூடிய ஓர் அர்த்தம் இருக்கிறது. அது கோல்ஃபில். குழிக்குப் பக்கத்தில் பந்து கிடந்தால், 'நீ அடிக்கவே வேண்டாம், உள்ளே போனதாக வைத்துக்கொள்கிறேன்' என்று எதிராளி சொல்லலாம். சொன்னால் சொன்னதுதான். வாபஸ் வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. 1969-ல் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் ரைடர் கோப்பை. அமெரிக்காவும் பிரிட்டனும் சமமாக நிற்க, கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழி. ஜாக் நிக்லாஸ் தன் பந்தைப் போட்டுவிட்டார். டோனி ஜாக்லினுக்கு இரண்டு மூன்று அடிதான் பாக்கி. கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை கூட்டத்துக்கு நடுவில், கை நடுங்கினால் தீர்ந்தது. தவறினால் அமெரிக்காவுக்கு வெற்றி. நிக்லாஸ் குனிந்து ஜாக்லினின் மார்க்கரைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அடிக்க வேண்டாம், போதும்! 16-16, ரைடர் கோப்பை வரலாற்றிலேயே முதல் டை. அமெரிக்க கேப்டன் சாம் ஸ்னீடுக்குக் கோபம். இருந்தாலும் பின்னாளில் ஃப்ளோரிடாவில் நிக்லாஸும் ஜாக்லினும் சேர்ந்து வடிவமைத்த கோல்ஃப் மைதானத்துக்கே 'தி கன்செஷன்' என்று பெயர் வைத்தார்கள்.

தமிழில் பௌலர் ரன்னை 'விட்டுக்கொடுத்தார்' என்கிறோம். தோல்வி என்றால் 'ஒப்புக்கொண்டார்'. டிக்கெட் என்றால் 'சலுகை'. மூன்றும் ஒரே சொல்லின் வேலை என்று தெரியாமலே போய்விடுகிறது. நம் 'விட்டுக்கொடு'வுக்கு இங்கிலீஷில் இல்லாத இன்னொரு குணமும் உண்டு. 'நாலு பேர் முன்னாடி என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்' என்கிறோமே, அது.

இப்போது என் கதை. பி.காம். முடித்து, பாரிமுனைப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுன்ட்ஸில் சேர்ந்திருந்தேன். மார்ச் கடைசி. பேங்க் ரீகன்சிலியேஷனில் 900 ரூபாய் இடிக்கிறது. ஹெட் அக்கவுன்டன்ட், ரிட்டயர்மென்டுக்கு ஒரு வருஷம் பாக்கியுள்ள மனிதர், என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒன்பதால வகுபடுது பாருங்க. எங்கயோ ரெண்டு நம்பர் இடம் மாறி விழுந்திருக்கும். உங்க என்ட்ரியை ஒரு தடவை பார்த்துடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "என் என்ட்ரியெல்லாம் கரெக்டா இருக்கு சார். பேங்க்லதான் தப்பு" என்றேன். அதோடு விட்டேனா? பேங்குக்கு ஒரு லெட்டரே டிராஃப்ட் செய்தேன், கொஞ்சம் காரமாக. "சரி, நாளைக்கு அனுப்பலாம்" என்று வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அகப்பட்டது. 4,500 ரூபாய் செக்கை 5,400 என்று போட்டிருந்தேன். போட்டது நானேதான். அவர் சீட் பத்தடி தூரம். எழுந்து போய் 'சார், நான்தான்' என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் சத்தமில்லாமல் என்ட்ரியைத் திருத்திவிட்டு, "டேலி ஆயிடுச்சு சார், பேங்க்ல சரி பண்ணிட்டாங்க போல" என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஓஹோ" என்றார்.

மறுநாள் மேனேஜர், "என்னய்யா அந்த 900?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "சின்ன விஷயம் சார். ரெண்டு பேரும் உக்காந்து பார்த்து முடிச்சிட்டோம்" என்றார். என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் ரிட்டயர் ஆன பிறகு அந்த மேஜை எனக்கு வந்தது. டிராயரைச் சுத்தம் செய்தபோது என் காரமான லெட்டர் கிடைத்தது. கூடவே அந்த மாதத்து பேங்க் புக் பிரிண்ட் அவுட். அந்தச் செக் வரிசைக்கு நேரே பென்சிலில் ஒரு டிக், பக்கத்தில் தேதி. என்னைக் கூப்பிட்டுப் பேசிய அதே நாள்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கட்டுரைக்கு உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவர் நம்பரைத் தேடிப் பிடித்து போன் செய்தேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. உடம்பு, பேரன், மழை எல்லாம் பேசி முடித்துவிட்டு, "சார், அந்த மார்ச்ல ஒரு தொள்ளாயிரம் ரூபா..." என்று ஆரம்பித்தேன்.

"நாலாயிரத்து ஐந்நூறு" என்றார் அவர்.