பள்ளிகளில் உடல்நலப் பாடம்: அதைக் கட்டும் முறை பற்றிச் சில சிந்தனைகள்

பள்ளிக்கூடத்தில் உடல்நலத்துக்கென்று ஒரு பாடம் வேண்டும் என்பதில் நம்மவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அதை எப்படிக் கட்டுவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். டாக்டர் நோய்களின் பட்டியலைத் தருவார். ஆசிரியர் பரீட்சைக் கேள்விகளைத் தருவார். வீட்டுப் பாட்டி சுக்கும் வெந்நீரும் சொல்லுவாள். பாடம் அமைப்பதற்கென்றே ஒரு தனிச் சாஸ்திரம் இருக்கிறது. ‘கற்பித்தல் வடிவமைப்பு’ என்று அதற்குப் பெயர். நம்ம ஊர்ப் பிள்ளைகளை வைத்தே அதை இங்கு விளக்க முயல்கிறேன்.

இதில் அதிகம் வழங்கும் முறைக்கு ‘ஆடி’ என்று பெயர். நம் ஆடி மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். 1975இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக வகுத்த முறையிலிருந்து வந்தது. ஆய்வு, வடிவமைப்பு, ஆக்கம், நடத்துதல், மதிப்பீடு என்பன அந்த ஐந்து. சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் பண்ணுகிறவனுக்கு இது புதுசு இல்லை. யாருக்கு என்ன வேணும்னு பார்க்காமல் நாம் சரக்கு எடுக்கிறதில்லையே. பள்ளிக்கூடத்தில் மட்டும் சரக்கு முதலில் வந்து இறங்கிவிடுகிறது, ஆய்வு பிற்பாடு.

ஓர் உதாரணம் பாருங்கள். 2019இல் கேரளப் பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ வந்தது. தண்ணீர் குடிப்பதற்கென்றே நாளில் சில முறை மணி அடிப்பார்கள். பின்னர் கர்நாடகம் முதலிய மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருவதைப் பார்க்காத தாய் உண்டா? ஆனால் ஏன் குடிக்கவில்லை? ராபர்ட் மேகர் என்ற அமெரிக்க அறிஞர் இன்னொருவரோடு சேர்ந்து 1970இல் எழுதிய நூல் இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. ஒருவன் ஒன்றைச் செய்யவில்லை என்றால், தெரியாததால் செய்யவில்லையா, தெரிந்தும் செய்யவில்லையா என்று முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். தெரியாதவனுக்குத்தான் பாடம். தண்ணீர் நல்லது என்று தெரியாத பிள்ளை எது? விளையாட்டில் மறந்துபோகிற பிள்ளைக்கு மணி போதும். வகுப்பு நடுவே எழுந்திருக்கப் பயப்படுகிற பிள்ளைக்கும் மணி போதும். கழிப்பறைக்குப் போக அஞ்சி வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிற பெண்பிள்ளைக்கு மணியும் உதவாது, பாடமும் உதவாது. தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறைதான் உதவும். அங்கே ‘நீரின் மகத்துவம்’ என்று பத்துப் பக்கம் அச்சடிப்பது வீண் செலவு என்பேன்.

எங்கே பாடமே மருந்து? நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. 2024இல் நெய்யாற்றின்கரை பக்கம் அதியன்னூரில் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது, உயிரிழப்பும் ஏற்பட்டது. இவ்வகை அமீபாவில் மிகக் கொடியது மூக்கு வழியாக ஏறி மூளைக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை. அதே வருஷம் கோழிக்கோடு ஜில்லாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். அதுவரை இந்நோயில் பிழைத்திருந்தவர் உலகத்திலேயே வெகு சிலர். சுகாதாரத் துறை வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்திருந்த தகப்பனார், பையன் குளத்தில் குளித்ததை டாக்டரிடம் உடனே சொன்னார், சிகிச்சையும் உடனே தொடங்கியது. தெரிந்ததால் வந்த உயிர் அது. டில்லியில் தயாராகும் பாடப்பொருளில் நம் ஊர்க் குளம் இருக்குமா? உள்ளூர் ஆய்வு செய்கிறவர்தான் அதைச் சேர்க்க முடியும்.

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தைத் தொடங்கியது. உணவு, மனநலம், போதைத் தடுப்பு, இணையப் பாதுகாப்பு என்று 11 தலைப்புகள். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை, கூடுமானவரை ஓர் ஆண், ஒரு பெண் என்று, பயிற்றுவிப்பது ஏற்பாடு. முதற்கட்டத்துக்கு எடுத்த பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் கேரளத்திலிருந்து இருந்தது வயநாடு ஒன்றே. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், 2019 நவம்பரில், அதே வயநாட்டில் வகுப்பறைத் தரைப் பொந்திலிருந்த பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதித்தார்கள் என்று புகார் எழுந்தது; ஆசிரியர் ஒருவர் இடைநீக்கம் ஆனார். இந்தப் பாடத்தில் மாணவர் யார், ஆசிரியர் யார்? பாம்புக்கடியில் உடனே வண்டி பிடிக்க வேண்டும் என்று பழக வேண்டியவர் பெரியவர்தான். பொந்தை அடைக்க வேண்டியவர் கொத்தனார்.

நோக்கத்தை எழுதும்போது ‘அறிவர்’, ‘உணர்வர்’ என்றெல்லாம் எழுதுவதில் பயன் இல்லை. கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய செயலாக இருக்க வேண்டும். “சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவான்” என்றால் பார்க்கலாம், எண்ணலாம். 1959இல் டொனால்ட் கர்க்பாட்ரிக் சொன்ன நான்கு படிகளும் இங்கே பொருந்தும்: பிடித்ததா, தெரிந்துகொண்டானா, நடத்தை மாறிற்றா, விளைவு வந்ததா? நம் பள்ளிகள் இரண்டாம் படியில் மார்க் போட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. மூன்றாம் படி வீட்டில் நடக்கிறது, அங்கே எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று. பிள்ளை படிப்பது மலையாளத்திலோ இங்கிலீஷிலோ. அடுப்படி நடப்பது தமிழில். சர்க்கரையைக் குறைக்கணும் என்று அவன் வகுப்பில் எழுதிய விடை, காப்பியில் மூன்று ஸ்பூன் போடுகிற பாட்டியின் காதுக்கு எட்டுவதில்லை. அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் நம்மவர் ஒரே ஒரு வீட்டுப்பாடம் கேட்கலாம்: அந்த வாரம் படித்ததைப் பிள்ளை வீட்டு மொழியில் பெரியவர் ஒருவருக்குச் சொல்லி, அவர் திருப்பிச் சொன்னதை நோட்டில் நாலு வரி எழுதிவர வேண்டும். ஆசிரியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் வகுப்பில் வாயால் சொல்ல வைக்கலாம்.