கெண்டைக்கால் வீங்கினால்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் புண்களைக் கட்டுகிறது. அந்த வட்டாரத்து நேயர்களுக்கு, எந்தத் துணியாலும் கட்ட முடியாத ஒரு வியாதியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்குகிறது, கெண்டைச் சதை வலிக்கிறது, தொட்டால் சுடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாட்டிமார்களுக்கு உடனே ஞாபகம் வருவது நல்லெண்ணெய்தான். அழுந்தத் தேய்த்து நீவிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அன்பினால் செய்யும் இந்தக் காரியம் சில சமயம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். அந்தக் கட்டியில் ஒரு துணுக்குப் பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் மூச்சுத் திணறும், மரணமும் நேரலாம். கெண்டைச் சதை அசையும்போதுதான் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. ஆகையால் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்போரும், பிரசவித்த பெண்களும், சென்னைக்கு இரவெல்லாம் பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டபடி செல்வோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். (மில்லில் நின்று வேலை செய்வோர் காலில் புடைத்துச் சுருளும் நரம்பு வேறு விஷயம்.)

1916-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஹெபரினும் அதன் வழிவந்த மருந்துகளுமே சிகிச்சைக்கு அஸ்திவாரம். ஆனால் அவை ரத்தம் மேலும் உறையாமல் தடுக்குமேயன்றிக் கட்டியைக் கரைப்பதில்லை. இப்போது கத்தி வைக்காமலே அதைச் செய்கிறார்கள். முழங்காலின் பின்புறம் ஊசித் துவாரமிட்டு, மெல்லிய குழாயைக் கட்டிக்குள் செலுத்தி, கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். அல்லது கட்டியை உறிஞ்சி எடுக்கிறார்கள். இடுப்பருகே வலது தமனி இடது சிரையை நசுக்குவதும் உண்டு. மே, தர்னர் என்ற இருவர் 1957-ல் இதை விவரித்தனர். அவ்விடத்தில் ஸ்டென்ட் வைத்து வழியை விரிக்கிறார்கள்.

கேட்பதற்கு அற்புதமாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் இது வேண்டுமா? அமெரிக்காவில் டாக்டர் சுரேஷ் வேதாந்தமும் சகாக்களும் சுமார் 690 நோயாளிகளிடம் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். குழாய் செலுத்தப்பட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கால் உபத்திரவம் பின்னரும் தொடர்ந்தது. பெரிய ரத்தப்போக்கோ 0.3 சதவீதத்திலிருந்து 1.7 ஆகிவிட்டது! தொடைக்கு மேலேயே அடைத்துக்கொண்டு, கால் மிகவும் வீங்கி வேதனைப்பட்டு, ரத்தப்போக்குக்கு ஏதுவில்லாதவர்களுக்குத்தான் இம்முறையை நாம் சிபாரிசு செய்யத் துணிவோம். அதுவும் கட்டி உண்டான இரண்டு வாரத்துக்குள்.

வீக்கம் கண்ட அன்றே டாப்ளர் ஸ்கான் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். ராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் இரண்டு மணிப் பயணம். பத்து நாள் எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவருக்கு, அந்த இரண்டு வாரத்தில் மிச்சம் எத்தனை நாள்?