முப்பதாண்டுகள் ஆளை மாற்றிக் காட்டிய சாட்சி

வேலணைத் தீவின் சுருவில் கிராமத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, டெங்கு என்ற ஐயத்தில் குருதி பரிசோதிக்கப்படுகிறது எனக் கொள்வோம். பரிசோதனைப் பட்டியில் ஒரு கோடு தோன்றினால் நோய் உண்டென மருத்துவர் முடிவு செய்கிறார். அக்கோட்டைத் தோற்றுவிப்பது, டெங்கு வைரசின் என்.எஸ்.1 என்னும் புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியாகும். அது வேறொரு புரதத்தைப் பற்றிவிட்டால் கோடும் பொய்யாகும். அதை நம்பிச் செய்யும் முடிவும் பொய்யாகும்.

மருத்துவமனைக்கு மட்டுமன்றி உயிரியல் ஆய்வுகூடத்துக்கும் இக்கருவியே கண்ணாக உள்ளது. அக்கண்ணே முப்பதாண்டுகள் ஒன்றை மற்றொன்றாகக் காட்டியிருந்தமை 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நம் நாட்டின் மாணவரும் மருத்துவத் துறையினரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

உடலினுள் புகும் அந்நியப் பொருளை எதிர்க்க நமது குருதியில் உருவாகும் புரதங்களே பிறபொருளெதிரிகள். இயற்கையில் இவை பலவகையாகக் கலந்தே காணப்படும். ஒரே வகையை மட்டும் வேண்டிய அளவு பெறும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் கோலரும் சேசார் மில்ஸ்டைனும் கண்டனர். பிறபொருளெதிரியை ஆக்கும் சுண்டெலியின் மண்ணீரல் கலத்தை, முடிவின்றிப் பெருகும் புற்றுநோய்க் கலத்துடன் அவர்கள் இணைத்தனர். இவ்வாறு பிறந்த கலப்புக் கலத்தின் வழித்தோன்றல்கள் யாவும் ஒரே வகைப் பிறபொருளெதிரியையே சுரக்கும். இதுவே மோனோகுளோனல் பிறபொருளெதிரி. இதற்காக இருவருக்கும் 1984இல் நொபெல் பரிசு கிடைத்தது.

அடுத்து, இக்கருவி தேடிய புரதத்தின் தொழிலைப் பார்ப்போம். பரம்பரையலகில் உள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகிறது. அப்படியின் நடுவே, புரதம் ஆக்குவதற்கு உதவாத நீண்ட பகுதிகள் உள்ளன. அவற்றை வெட்டி அகற்றி, எஞ்சியவற்றை இணைத்த பின்னரே புரதம் உருவாகும். இதனை 1977இல் பிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ரொபேர்ட்ஸும் தனித்தனியே கண்டறிந்து, 1993இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வெட்டியிணைப்பு ஓர் எழுத்துப் பிசகினாலும் விளைவு கொடியது. இலங்கையில் தலசீமியா நோய்க்குக் காரணமான மரபுப் பிழைகளுள் மிகப் பரவலாகக் காணப்படுவது, ஹீமோகுளோபின் பரம்பரையலகில் வெட்டி அகற்றப்பட வேண்டிய முதற் பகுதியின் ஐந்தாம் எழுத்து மாறியிருப்பதே. வெட்டவேண்டிய இடம் தவறுவதால் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாவதில்லை. கடும் தலசீமியாவுடன் பிறந்த குழந்தை வாழ்நாள் முழுவதும் குருதியேற்றத்தை நம்பியிருக்க நேர்கிறது.

இத்தொழிலில் பங்குகொள்ளும் புரதங்களை அறிய, 1990இல் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் சியாங்டொங் ஃபூவும் டொம் மனியாடிஸும் ஒரு மோனோகுளோனல் பிறபொருளெதிரியை உருவாக்கினர். வெட்டியிணைக்கும் புரதத் தொகுதியைச் சுண்டெலிக்குச் செலுத்தி அதனைப் பெற்றனர். அது எஸ்.சி.35 என்ற சிறு புரதத்தை இனங்காட்டுவதாக அறிவிக்கப்பட்டது. இப்புரதம் இன்று எஸ்.ஆர்.எஸ்.எஃப்.2 என அழைக்கப்படுகிறது. இப்பிறபொருளெதிரியை இட்டால் கலத்தின் கருவினுள் புள்ளி புள்ளியாக ஒளிர்வு தோன்றும். அப்புள்ளிகளை இனங்காணும் அடையாளமாகவே உலகெங்கும் ஆய்வாளர் அதனைப் பயன்படுத்தி வந்தனர்.

2020இல் பேர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மூலக்கூற்று மரபியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இச்சாட்சியையே குறுக்கு விசாரணை செய்தனர். அது பற்றிக்கொண்ட புரதங்களைப் பிரித்தெடுத்து நிறைமானியால் அளந்தபோது, முதன்மையாக நின்றது எஸ்.ஆர்.ஆர்.எம்.2 என்ற வேறொரு புரதம். முன்னையது 221 அமினோ அமிலங்களாலானது. இதுவோ 2,752 அமினோ அமிலங்களாலானது. பெரிய புரதத்தின் பரம்பரையலகைத் திருத்தி அதனைக் குறுக்கியபோது, பிறபொருளெதிரி காட்டிய அடையாளமும் அதற்கேற்ப மாறியது. ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

இதனால் முப்பதாண்டு ஆய்வுகள் யாவும் வீண் எனக் கூறுவது பொருந்தாது. பெரிய புரதமும் அதே புள்ளிகளிலேயே உறைவதால், புள்ளிகளைக் காட்டிய அளவில் சாட்சி உண்மையே பகர்ந்தது. ஆனால், அவ்வொளிர்வைக் கொண்டு எஸ்.ஆர்.எஸ்.எஃப்.2 இன்ன இடத்தில், இன்ன அளவில் உள்ளதென எழுதிய முடிவுகள் மறு ஆய்வுக்குரியவை. இரத்தப் புற்றுநோய் சிலவற்றில் இப்புரதத்தின் பரம்பரையலகு பழுதுற்றிருப்பதால், இது வெறும் பெயர்க் குழப்பமன்று.

இத்தவறில் மோசடி ஏதுமில்லை. எல்லோரும் பயன்படுத்துகின்றனர் என்பதே தகுதிச் சான்றாகக் கொள்ளப்பட்டது. தீர்வு எளிதில் சொல்லக்கூடியது: தேடும் புரதம் இல்லாத கலத்திலும் பிறபொருளெதிரியைச் சோதிக்க வேண்டும். அங்கும் ஒளிர்வு தோன்றினால் அது நம்பத்தக்கதன்று. இன்று பரம்பரையலகை நீக்கும் நுட்பம் கைவந்துள்ளமையால் இச்சோதனை முன்னரைவிட எளிதாகியுள்ளது.

யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுகூடங்களில் நுழையும் நம் இளைஞர், பிற நாட்டில் ஆக்கப்பட்ட கருவிகளையும் பரிசோதனைப் பொதிகளையும் கொண்டே பணியாற்ற வேண்டியுள்ளது. வளம் குறைந்த இடத்தில் ஒரு தவறான பொதி, ஓராண்டு உழைப்பையும் அரிய பணத்தையும் விழுங்கிவிடும். எனவே பொதியின் மேல் எழுதியுள்ளதை முடிவாகக் கொள்ளாது, அது சோதிக்கப்பட்ட விதத்தைக் கேட்டறிவதும், தமது ஆய்வுகூடத்திலேயே ஒருமுறை சரிபார்ப்பதும் அவர்களது முதற் கடமையாதல் வேண்டும். சாட்சியை விசாரியாது தீர்ப்பெழுதுவது நீதிமன்றத்துக்கு எவ்வாறு ஒவ்வாதோ, அறிவியலுக்கும் அவ்வாறே ஒவ்வாது.